வடக்குக் காற்றும் திறந்த ஜன்னல்களும்

மின்சாரம் நின்றபோது பகல் பதினொன்றரை. மாலை ஆறு மணிக்குள் வந்துவிடும் என்று கைப்பேசியில் செய்தி வந்தது. ஆஸ்திரேலியாவில் நாங்கள் குடியிருக்கும் பொயிண்ட் குக்கில் அன்று நாற்பத்து மூன்று டிகிரி. கணவர் காரில் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் ஐந்து மாத மகளும்தான்.

ஏசி நின்ற பிறகுதான் எப்படிப்பட்ட வீட்டை வாங்கியிருக்கிறோம் என்று எனக்குப் புரிந்தது. கருஞ்சாம்பல் ஓடு. சுவரைத் தாண்டி ஒரு சாண்கூட நீளாத கூரை. ஹாலில் மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி; வெளிச்சம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். இத்தனைக்கும் படித்தது சிவில் இன்ஜினியரிங். வெப்ப நாட்டு வீடுகளைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள். நடுவில் முற்றம், எதிரெதிரே ஜன்னல்கள், மேலே ஏறி வெளியேறும் சூடான காற்று.

தஞ்சாவூரிலிருந்து அம்மா அழைத்தாள். "ஜன்னலையெல்லாம் திறந்து போடுடி. காத்தே இல்லாம குழந்தை எப்படித் தாங்கும்?"

அவள் சொன்னதும் நான் படித்ததும் ஒன்றாகவே இருந்தன. முன் கதவு, பின் கதவு, ஜன்னல்கள், எல்லாவற்றையும் திறந்தேன். வடக்கிலிருந்து காற்று நேராக உள்ளே வந்தது. தோலில் வியர்வை தங்கவே இல்லை. அதைக் குளிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

பேட்டரியில் ஓடும் பேபி மானிட்டர் அறையின் வெப்பத்தையும் காட்டும். இருபத்தெட்டு என்றிருந்தது, ஒரு மணிக்கு முப்பத்தாறு ஆகிவிட்டது. மகள் இரண்டு வாய் பால் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழவில்லை. அழாததுதான் பயமாக இருந்தது. காலை எட்டு மணிக்கு மாற்றிய டயப்பர் காய்ந்தே இருந்தது.

நர்ஸ் உதவி எண்ணை அழைத்தேன். அடிக்கடி பால் கொடுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள் என்றார். இரண்டு மணிக்குள் டயப்பர் நனையாவிட்டால் மருத்துவமனைக்கு வரவேண்டும். துவண்டுபோனால் உடனே ஆம்புலன்ஸ். துவளுவது என்றால் எவ்வளவு என்று கேட்க நினைத்தேன். என்னை மக்கு என்று நினைத்துவிடுவாரோ என்று கேட்காமலே வைத்துவிட்டேன்.

அப்போது எதிர்வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள். யாழ்ப்பாணத்துக்காரி, என்னைவிட இரண்டு வயது சிறியவள், பூங்காவில் பழக்கம்.

"வெக்கையை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறீங்களோ அக்கா? ரோட்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கு, உங்கட வீடு மட்டும் ஆவெண்டு திறந்து கிடக்கு."

"காத்து வரட்டும்னுதான்..." என்றேன்.

"இது காத்தில்லை. வடக்கால இருக்கிற பாலைவனம் நடந்து வருது."

தெருவைப் பார்த்தேன். எல்லா வீடுகளிலும் திரை இறங்கியிருந்தது. வெளியே நாற்பத்து மூன்று, உள்ளே முப்பத்தாறு. இதற்கு இன்ஜினியரிங் எதற்கு, கழித்தல் கணக்குத் தெரிந்தால் போதும். ஒன்றரை மணி நேரமாக என் மகள் மீது நானே வெயிலைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

இருவருமாக எல்லாவற்றையும் மூடினோம். மேற்குக் கண்ணாடியை வெளியிலிருந்து மறைக்க வேண்டும் என்றேன். உள்ளே திரை போட்டால் அதற்குள் வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டிருக்கும். படித்ததில் அது மட்டும் அன்று உதவியது. ஆனால் போர்வையைக் கட்டக் கூரையில் ஒரு நீட்டம் இல்லை. துணி காயப்போடும் ஸ்டாண்டைக் கண்ணாடியை ஒட்டி நிறுத்தி அதன்மேல் போர்த்தினோம்.

இந்த நாட்டில் வெயில் அதிகம் படாத தெற்குப் பக்கத்தில் இருந்த லாண்டரி அறைக்கு மகளைத் தூக்கிப்போனேன். டைல்ஸ் தரையில் ஈரத் துண்டை விரித்து, அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவமோ அக்கா? கார் நிக்குது."

மணி ஒன்று நாற்பது. போனால் பதறுகிறவள் ஆவேன், இருந்தால் என்ன ஆவேன் என்று தெரியவில்லை. இரண்டு மணி வரை பார்க்கலாம் என்றேன். சொன்னவுடனே அது தவறாகப் பட்டது. அவள் காரில் ஏசி போட்டு வைக்கப் போனாள்.

மகள் மீண்டும் இரண்டு வாய் குடித்துவிட்டு வாயை எடுத்துக்கொண்டாள். கழுத்தை ஈரத்துணியால் துடைத்தேன். மறுபடி பற்றினாள். இம்முறை விடவில்லை. விழுங்கும் சத்தத்தை எண்ணத் தொடங்கினேன். இருபதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது.

இரண்டு மணிக்கு வாசலில் கார் ஹாரன் கேட்டது. எழுவதற்காக அவளைத் தூக்கியபோது டயப்பர் என் கையில் கனத்தது. நம்பாமல் பிரித்துப் பார்த்தேன். நனைந்திருந்தது.

வாசலுக்குப் போய்க் காரிலிருந்தவளுக்கு இனிப் போகவேண்டாம் என்று கையசைத்துச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். புது டயப்பர் போட்டேன். பத்து நிமிடம் கழித்து அதையும் தொட்டுப் பார்த்தேன்.