பம்புகள் மட்டும் போதும்

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்பில் வளரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். பள்ளிக்கூட நாட்களில் அது அடுத்தவர் வீட்டுச் செய்தி. எதிர்வீட்டுக் குடும்பம் நாகர்கோவிலுக்குப் போனது, பக்கத்து பிளாக்கில் ஒரு குடும்பம் சேலத்துக்குப் போனது, மறுநாள் அந்தக் கதவுகளில் ஒரே மாதிரிப் பூட்டுகள் தொங்கின. எங்கள் முறை வந்தபோது நான் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடித்து ஒரு வருடமாக வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன்.

எங்கள் பூர்வீகம் சிவகங்கைப் பக்கம். அங்கே அப்பா வீடு கட்டி முடித்திருந்தார். என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்.

"இங்க இருக்குற வரைக்கும் உன் இஷ்டம்மா. அதுக்குள்ள ஒரு வேலை கெடைச்சா போ, நான் தடுக்க மாட்டேன். இல்லன்னா எங்களோட வந்துடு. பேங்க் பரீட்சைக்குப் படி. நாங்களும் மாப்பிள்ளைக்கு நாலு இடத்துல சொல்லி வைக்கிறோம்."

அவர் குரலில் மிரட்டல் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. மிரட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

நான் போக நினைத்த இடம் ஒன்றே ஒன்று. பாண்டிச்சேரியில் வீடியோ கேம் செய்யும் சின்ன நிறுவனம். பயிற்சியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்களுடைய இணையதளத்தில் போட்டிருந்தது. மதிப்பெண் கேட்கவில்லை. நீங்களே செய்த ஒரு கேமைக் கொண்டு வாருங்கள், எவ்வளவு சின்னதானாலும் சரி, ஆனால் முடிந்ததாக இருக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. அந்த வரியை நான் பலமுறை படித்தேன். 'சின்னதானாலும்' என்ற சொல் மட்டும் என் மண்டையில் ஏறவே இல்லை.

துணைக்கு ஒரு தோழி இருந்தாள். டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அரிசிக் கடை. எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் படம் வரைவாள். அவளுக்கு இதில் இழக்க ஒன்றுமில்லை, விளையாட்டாகத்தான் சேர்ந்தாள். எனக்கு அப்படியில்லை.

முதல் தகராறு மென்பொருள் பற்றி. கேம் செய்வதற்கான மென்பொருளை இன்ஜின் என்பார்கள். எங்கள் முன் இரண்டு இருந்தன. ஒன்று பெரியது. முப்பரிமாணக் காட்சிகள், வெளிச்சம், நிழல், புகை எல்லாம் அதில் செய்யலாம், பெரிய கம்பெனிகள் பயன்படுத்துவது. மற்றது சின்னது. தட்டையான படங்களை வைத்து நகர்த்தலாம், அவ்வளவுதான். நான் என் வழக்கப்படி காரணங்களை வரிசைப்படுத்தினேன். பெரியதைக் கற்றால் வேலைக்கு மதிப்பு. அதற்குப் பாடங்கள் நிறையக் கிடைக்கும். என் வீட்டு டெஸ்க்டாப் தாங்கும். பார்ப்பவர் அசந்து போவார். நான்கு காரணங்களும் சரியானவைதான், இன்று யோசித்தாலும்.

"எல்லாம் சரி," என்றாள் தோழி. "என் லேப்டாப்புல அதத் தொறந்தா ஃபேன் சத்தம் கடை வரைக்கும் கேக்குது. நேத்து தொறந்துட்டு டீ குடிச்சிட்டு வந்தேன், அப்பவும் தொறந்துகினே இருந்துச்சு."

"நீ படம் மட்டும் வரைஞ்சு அனுப்பு. மத்தத நான் பாத்துக்கறேன்."

"பெரிய எடத்துப் பொண்ணு. சரிங்க மேடம்."

அடுத்து என்ன கேம் என்பது. சுரங்கம் என்று முடிவு செய்தோம், எங்களுக்குத் தெரிந்தது அதுதான். மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கரம், கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட், நிலக்கரி, அதற்கு அடியில் தண்ணீர். அப்பா நிலத்தடி நீரை இறைக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே தண்ணீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும், பம்புகள் இரவும் பகலும் ஓடி அந்த அழுத்தத்தைக் குறைக்கின்றன, ஓடாவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு கிளம்பும் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதையும் கேமில் ஒரு கட்டமாகச் சேர்த்தேன். மொத்தம் பன்னிரண்டு கட்டங்கள். எல்லாவற்றுக்கும் வாரம் குறித்தேன்.

"பன்னெண்டா?" தோழி என் திட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். "ஒண்ணு போதாது? பம்பு மட்டும் வெச்சிக்கலாம். தண்ணி ஏறுது, நம்ம பம்பப் போடறோம். முடிஞ்சிச்சு."

"அது கேமா? செல்போன்ல சின்னப் பசங்க ஆடறது."

"நாம மட்டும் என்ன, கெழவிங்களா?"

நான் கேட்கவில்லை. மூன்றாவது வாரத்திலேயே திட்டம் பிசகியது. ஒரு வாரத்தில் முடியும் என்று எழுதிய சக்கரம் ஒரு மாதம் தின்றது. சுற்றும், ஆனால் மண்ணைத் தொடாது. தொட்டால் மண் காற்றில் பறக்கும். யாராவது எப்போது முடியும் என்று கேட்டால் "இன்னும் ஒரு வாரம்" என்பேன். அப்பா கேட்டார், அம்மா கேட்டார், தோழி கேட்டாள். எல்லாருக்கும் அதே ஒரு வாரம். காலையில் எழுந்ததும் கம்ப்யூட்டரைப் போடுவேன். சக்கரம் சுற்றுவதைப் பார்ப்பேன். ஏதாவது ஒன்று அசைகிறதே என்ற நிம்மதி. அதை வைத்து அந்த நாளை ஓட்டுவேன்.

அப்பா ஓய்வு பெற்றார். வீட்டைக் காலி செய்ய அவகாசம் இருந்தும் அதுவரை அங்கே இருக்க அம்மா ஒப்பவில்லை. தாமதமானால் அபராத வாடகை போடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். செட்டில்மென்ட் காகிதங்கள் முடியும்வரை மந்தாரக்குப்பத்தில் ஒரு வாடகை வீடு எடுத்தோம். நான் விண்ணப்பித்திருந்த பாண்டிச்சேரி நிறுவனத்திலிருந்து நேர்முகத்துக்கு நாள் சொல்லி மின்னஞ்சல் வந்ததும் அந்த வாரம்தான். அது முடிந்த சில நாட்களில் நாங்கள் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது.

தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு நடந்த காலம் அது. எனக்கும் செய்தித்தாளில் படித்துத் தெரியும். ஆனால் டவுன்ஷிப்பில் கரண்ட் போனதே கிடையாது. மின்சாரம் எங்கள் ஊரிலேயே தயாரானது. சுவிட்சைப் போட்டால் எரியும், அவ்வளவுதான். அங்கே யாரும் இன்வெர்ட்டர் வாங்கி நான் பார்த்ததில்லை. கல்லூரி விடுதியில் ஜெனரேட்டர் இருந்தது. ஆக, நான் இருபத்திரண்டு வயதுவரை, வேலை செய்துகொண்டிருக்கும்போது திரை கறுப்பதைப் பார்த்ததில்லை. என் திட்டத்தில் ஒலிக்கு நாள் ஒதுக்கியிருந்தேன், எழுத்துரு தேர்வுக்குக்கூட ஒதுக்கியிருந்தேன். கரண்ட்டுக்கு ஒதுக்கவில்லை. வாடகை வீட்டில் கம்ப்யூட்டரை நேராகச் சுவர் பிளக்கில் செருகிவிட்டு உட்கார்ந்தேன்.

முற்பகல். கேம் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டும்படி இன்ஜினுக்குச் சொல்லியிருந்தேன். பச்சைக் கோடு பாதி தூரம் வந்திருந்தது. மின்விசிறி மெதுவாகி நின்றது. திரை போய்விட்டது. அடுப்படியிலிருந்து அம்மா, "அங்கயும் போயிடுச்சா பாரு," என்றார்.

பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கரண்ட் வந்தது, போனது, உடனே மறுபடி வந்தது. பல்பு வழக்கத்தைவிட வெளுப்பாக எரிந்தது. மேசைக்கு அடியில் சின்னதாக ஒரு வெடிப்புச் சத்தம். பிறகு ஒயர் கருகும் வாசனை.

தோழி ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு அழைத்துப் போனாள். கடைக்காரர் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தார், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார்.

"யூ.பி.எஸ். எங்கம்மா?"

"இல்லைங்க."

"டவுன்ஷிப்பா?"

தலையாட்டினேன்.

"மாசத்துக்கு ரெண்டு பேர் இப்பிடித்தான் தூக்கினு வராங்க. ரிட்டையர்டு ஆயி டவுன்ஷிப் கேட்டத் தாண்டுனதும் மொத வேல இதான். பவர் சப்ளை போச்சு, அது மாத்திக்கலாம். ஹார்ட் டிஸ்க்குதான் சத்தம் போடுது. மெட்ராஸ் அனுப்பணும். உள்ள இருக்கறது திரும்பி வரும்னு சொல்ல மாட்டேன்."

"டி டிரைவ்ல இன்னொரு காப்பி வெச்சிருக்கேன்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சி, டி ரெண்டும் இந்த ஒரே டிஸ்க்குல தானம்மா இருக்குது."

எனக்கு அது தெரியாதா. பாடத்தில் படித்தது, பரீட்சையில் எழுதியது. வாயிலிருந்து அந்த வார்த்தை எப்படி வந்தது என்று புரியவில்லை. கடைக்கு வெளியே வெயிலில் வந்து நின்றேன். மனம் தானாக வரிசைப்படுத்தத் தொடங்கியது. சக்கரம் போனது. கன்வேயர் போனது. பன்னிரண்டில் முடிந்திருந்த மூன்று கட்டங்கள் போயின. நேர்முகத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. ஊர், பேங்க் பரீட்சை, நாலு இடம். அந்த வரிசைக்கு முடிவே வரவில்லை, ஒவ்வொன்றுக்குப் பின்னும் இன்னொன்று வந்து நின்றது.

"போகலன்னு மெயில் போட்டுடறேன்," என்றேன்.

"போட்டுக்கோ. ஆனா நான் வரைஞ்ச பம்பு படம் நாலும் எங்கிட்ட கீது," என்றாள் அவள். "என் லேப்டாப்புல பேட்டரி கீது. சின்ன சாஃப்ட்வேரும் கீது. பம்பு மட்டும் போதும்னு அப்பவே சொன்னேன், நீ எங்க கேட்ட."

அவள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. அவள் வீட்டில் எல்லோரும் அதற்குத் தகுந்தபடியே நடந்தார்கள். கரண்ட் இருக்கும்போது மாவு அரைத்தார்கள், தண்ணீர் ஏற்றினார்கள், போன்களுக்குச் சார்ஜ் போட்டார்கள். அவள் பேசும்போதுகூட இடையிடையே விரல் தானாகச் சேமிக்கும் பொத்தானை அமுக்கும். நான் அமுக்கவில்லை என்றால் என் கையைத் தட்டுவாள்.

அந்த நாட்களில் எதைச் சேர்ப்பது என்று நாங்கள் பேசவே இல்லை. எதை விடுவது என்று மட்டும் பேசினோம். நிழல் வேண்டாம். இசை வேண்டாம். மனிதர்கள் வேண்டாம். நான்கு பம்புகள், கீழே தண்ணீர், மேலே மண். ஒவ்வொரு பம்பாக நிற்கும், உடனே தட்டி இயக்க வேண்டும். தாமதித்தால் தண்ணீர் தரையைத் தூக்கும். அவளுடைய அத்தா கடையிலிருந்து சாப்பிட வந்தவர் ஒருமுறை ஆடிப் பார்த்தார்.

"என்னாம்மா இது, மூச்சு விட முடியல. ஒரு நிமிசம் சும்மா இருக்க வுட மாட்டேங்குது," என்று லேப்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். எனக்கு அன்றுதான் அது ஒரு கேம் என்று தோன்றியது.

ஒரு பிழை மட்டும் போகவில்லை. நான்கு பம்புகளும் ஒரே நேரத்தில் நின்றால் எல்லாம் உறைந்துவிடும். கிளம்பும் நாள் காலைவரை தேடினோம், காரணம் கிடைக்கவில்லை.

"சொல்லாத," என்றாள் தோழி. "நாலும் ஒண்ணா நிக்கறது எப்பவோதான்."

அவள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கடலூர் வழியாகப் பேருந்தில் போனேன். சொல்வதா, வேண்டாமா என்பதைத் தவிர வழியில் வேறெதையும் நினைக்க முடியவில்லை. சொன்னால் முடியாத வேலையோடு வந்தவள் ஆவேன், முடிந்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஒரே நிபந்தனை. சொல்லாமல் விட்டு உறைந்துபோனால் அதைவிட மோசம்.

அலுவலகம் ஒரு வீட்டின் மாடி. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்த பெண் ஒருவர் எதிரே உட்கார்ந்தார். லேப்டாப்பைத் திறந்தேன். அவர் கை அதன் மேல் போகும் முன் எனக்குக் குரல் வந்துவிட்டது.

"மேடம், ஒரு விஷயம். நாலு பம்பும் ஒண்ணா நின்னா இது உறைஞ்சிடும். சரிபண்ண முடியல."

அவர் தலையாட்டிவிட்டு ஆடத் தொடங்கினார். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஆடினார். பிறகு வேண்டுமென்றே கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்று நின்றது, இரண்டு, மூன்று. நான்காவதும் நின்றது. தண்ணீர் பாதியில் அசையாமல் நின்றுவிட்டது.

"சொன்ன மாதிரியே நிக்குது," என்றார். "சரிபண்ண எவ்வளவு நாளாகும்?"

ஒரு வாரம் என்று நாக்கு நுனிவரை வந்தது. பல மாதங்களாக எல்லோரிடமும் சொன்ன பதில்.

"காரணம் தெரியல மேடம். காரணத்தக் கண்டுபிடிக்க ரெண்டு நாள் வேணும். கண்டுபிடிச்ச பிறகுதான் மத்தத சொல்ல முடியும். இப்ப சொன்னா அது பொய்யாயிடும்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். என்ன என்று தெரியவில்லை. ஏன் ஒரே கட்டம் என்று கேட்டார். பன்னிரண்டு போட்ட கதையைச் சொன்னேன், டி டிரைவ் வரைக்கும். அவர் சிரிக்கவில்லை. போகலாம் என்றார். திரும்பும் வழியெல்லாம் நான் தோற்றுவிட்டதாகவே நம்பினேன்.

பாண்டிச்சேரியிலிருந்து போன் வந்தபோது அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். ஆறு மாதப் பயிற்சி, அதன் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"ஆறு மாசம் கழிச்சு?"

"வெச்சுக்கலாம், வேணாம்னும் சொல்லலாம்ப்பா."

"சம்பளம்?"

"ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியா இருக்கும். மிச்சம் பிடிக்க முடியாது."

"வேலை பர்மனென்ட் ஆயிடும்னு தோணுதா?"

ஆகும் என்று சொன்னால் அவர் நிம்மதியாக ஊருக்குப் போவார் என்று எனக்குத் தெரியும்.

"தெரியலப்பா."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

அவர் சாக்குகளைப் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"அவ துணியைத் தனியா எடுத்து வை. இந்தச் சாமானோட சேக்காத."