போயாவுக்கு ஒரு படம்

போன மாதம் போயா அன்று, பௌர்ணமி லீவு நாளில், எங்கள் வீட்டில் ஒரு பெயின்ட் பெட்டி பறந்தது.

பறந்தது என்பது கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். என் மனைவி மேனகா ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். அதில் ஏறி, தன்னுடைய வாட்டர்கலர் பெட்டியை அலுமாரிக்கு மேலே, பழைய சூட்கேசுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு, "பருப்பு அடுப்புல வச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

பத்திரிகையில் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு மேனகாவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு... அவள் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறாள். இத்தனை வருஷமும் கண்டி டவுனில் இருந்தவளை இந்த வருஷம் கம்பளைக் கிளைக்கு மெனேஜராகப் போட்டார்கள். நான் ஒரு கணித வாத்தியார். மகள் நிவேதா ஏழாம் ஆண்டு படிக்கிறாள். வீடு அம்பிட்டியவில்.

அம்பிட்டியவில் இருந்து டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கம்பளைக்கு இன்னொரு பஸ். நடுவில் பேராதனையில் வாகனங்கள் நகராது. நகர்ந்தாலும் மேனகாவின் கைபேசி அவளை விடாது.

பதவி உயர்வு வந்ததும் முதலில் ஃபோன் எடுத்தவர் அவளுடைய அண்ணன். வாழ்த்தத்தான் எடுத்தார். வாழ்த்திவிட்டு, "ஏன் மேனகா, பொம்பளப் புள்ளைய வீட்டுல வச்சிக்கிட்டு அவ்வளவு தூரம் போகணுமா? அந்தப் படம் வரையிறதெல்லாம் இனி அவ்வளவுதான், என்ன?" என்றார். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு ரோஷம்!

"நீ போ மேனகா. வீட்ட நான் பாத்துக்குறேன்" என்றேன்.

பார்த்துக்கொள்ளவும் செய்தேன். இரண்டு மணிக்கு ஸ்கூல் விட்டு வந்து சமையல், நிவேதாவின் வீட்டுப்பாடம், டியூஷன். என் பருப்புக் கறியைப் பற்றி மகளுக்குத் தனிக் கருத்து உண்டு. அதை விடுங்கள்.

ஆனால் ஒன்றை நான் கவனிக்கத் தவறவில்லை. மேனகா படம் வரைவதை நிறுத்தியிருந்தாள்.

முன்பெல்லாம் அவள் எப்போது வரைவாள் என்று யாருக்கும் தெரியாது. சோறு வேகும் நேரத்தில் வரைவாள். யாருக்கோ ஃபோனில் "ம்... ம்..." கொட்டிக்கொண்டே வரைவாள். பாதி வெட்டிய பூசணிக்காய், வாசலில் விரித்து வைத்த குடை, பஸ் கொண்டக்டரின் காது... இப்படித்தான் இருக்கும் அவளுடைய படங்கள். மலையும் மூடுபனியும் அவளுக்கு வேண்டாம். "அதுதான் ஜன்னலத் திறந்தா இருக்கே" என்பாள்.

புது வேலையில் சேர்ந்து சில மாதங்களில் அந்தப் பூசணிக்காயும் இல்லை, காதும் இல்லை. எனக்குள் அண்ணனின் குரல் கேட்டது... இனி அவ்வளவுதான், என்ன?

விடுவேனா? நான் வாத்தியார். எங்கே ஓட்டை என்று தெரிந்தால் டைம்டேபிள் போட்டு அடைத்துவிடுவேன்.

சனிக்கிழமையும் அவளுக்கு வேலை. ஞாயிறு என்றால் வாடிக்கையாளர் யாராவது கூப்பிடுவார். நிச்சயமான லீவு போயா ஒன்றுதான். ஆகவே போயா அன்று காலை ஒன்பதில் இருந்து பன்னிரண்டு வரை மேனகா படம் வரைவாள் என்று நான் முடிவெடுத்தேன். ஜன்னல் ஓரமாக ஒரு மேசை போட்டேன். நல்ல தாள், புது பிரஷ் எல்லாம் வாங்கி வைத்தேன். சொந்தக்காரர்களுக்கு வட்ஸ்அப்பில், "போயாவுக்கு வர்றவங்க பின்னேரம் வாங்க, காலையில மேனகா பிஸி" என்று போட்டேன். அண்ணனுக்குத் தனியாகவும் அனுப்பினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கண்டியில் ஓவியக் கண்காட்சி வைக்கும் நண்பர் ஒருவரிடம், மேனகாவின் படங்களும் வரும் என்று வாக்குக் கொடுத்தேன். இதே பத்தியிலும் எழுதினேன். பலர் வாழ்த்து அனுப்பினீர்கள். நான் ஒவ்வொன்றையும் அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

இப்போது போன மாதப் போயாவுக்கு வருவோம்.

ஒன்பது மணிக்கு மேனகா மேசையில் உட்கார்ந்தாள். நான் ஒரு தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். கொஞ்சம் பொறுத்து, வெளிச்சம் போதுமா என்று கேட்கப் போனேன். பிறகு காரணமே இல்லாமல் போனேன். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நிற்கும்போது பிள்ளைகளின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பேனே, அதே மாதிரி எட்டிப் பார்த்தேன். தாளில் ஒரு கோடுதான் இருந்தது.

"எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டேன்.

மேனகா திரும்பவில்லை. "முப்பது வீதம்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. "என்னது?"

"ஹெட் ஒபிஸ்ல இருந்து டெய்லி பின்னேரம் கேக்குறாங்க... மேனகா, டார்கட்ல நூத்துக்கு எத்தன வீதம் முடிஞ்சின்னு. நீங்க போயா அன்னைக்குக் கேக்குறீங்க. உங்களுக்கும் சொல்லணும்தானே?"

அந்த நேரம் பார்த்து வாசலில் பெல் அடித்தது. பக்கத்து வீட்டு ஃபரீனா டீச்சர். ஒரு கையில் வட்டிலப்பம், மறு கையில் ஃபோன்.

"மேனகா, படம் முடிஞ்சா? எங்கட மகள் கொழும்புல இருந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றா!"

பாவம், நல்ல மனுஷி. அவரை அப்படிக் கேட்க வைத்ததும் நான்தான். மேனகா சிரித்துப் பேசி, வட்டிலப்பத்தை வாங்கி வைத்து, அவரை அனுப்பினாள். பிறகுதான் கதிரையை இழுத்தாள்.

பகல் சாப்பாட்டின்போது நானும் விடவில்லை. "எல்லாம் உனக்காகத்தானே செஞ்சேன்?" என்றேன்.

"எனக்காகவா, அண்ணனுக்காகவா?"

நிவேதா தட்டில் இருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"வேலைக்குப் போறது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் மேனகா. "களைப்புதான். ஆனா பிடிச்சிருக்கு. படம் வரையாம இருந்தது எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்திச்சி. திரும்பி வந்திருப்பேன். அதுக்குள்ள நீங்க மேசய போட்டு, ஊரக் கூட்டி... இப்ப பிரஷ்ஷ எடுத்தா கை வர மாட்டேங்குது. இனி வருமானும் தெரியல."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் குத்தியது. அலுமாரிக்கு மேலே போன பெட்டி திரும்பி இறங்காமலே போனால்? அதற்குக் காரணம் கம்பளையும் இல்லை, ஹெட் ஒபிஸும் இல்லை. நான்.

யோசித்துப் பார்க்கிறேன். வேலை, குடும்பம், கலை... மூன்றையும் சமமாகக் கொண்டுபோகிறோம் என்று நாம் சொல்வதெல்லாம் யாருக்குக் காட்ட? அவளுக்கு வேண்டியிருந்தது, யாரும் கேட்காத கொஞ்ச நேரம். எனக்கு வேண்டியிருந்தது, அண்ணனுக்கு அனுப்ப ஒரு போட்டோ. நாள் முழுக்கக் கணக்குத் திருத்துகிறவனுக்கு இது ஒரு வியாதி. இரண்டு பக்கமும் சமமாக வந்தால் ஒரு சரி போட்டால்தான் நிம்மதி. வீட்டையும் அப்படித் திருத்தப் பார்த்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் கண்காட்சி நண்பரை அழைக்க ஃபோனை எடுத்தேன். "வைஃபுக்கு முடியாதாம்னு சொல்லிர்றேன்" என்று மேனகாவிடம் சொன்னேன்.

"முடியாதுன்னு சொல்லாதீங்க" என்றாள் மேனகா. "விருப்பமில்லைன்னு சொல்லுங்க."

சொன்னேன். நண்பர் உடனே உற்சாகமாகக் கேட்டார்... "அப்ப சேர், பிள்ளைகளுக்கு ஒரு கிளாஸ் எடுக்கச் சொல்லுங்களேன்?" பாருங்கள், நான் மட்டும் இல்லை. ஒருவர் சும்மா எதையாவது விரும்பிச் செய்தால் நம்மில் யாருக்குமே பொறுக்காது போலிருக்கிறது.

ஜன்னல் ஓர மேசையை எடுத்துவிட்டேன். படம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மேனகா வருவாள், சாப்பிடுவாள், கம்பளைக் கதைகளைச் சொல்வாள், நிவேதாவோடு சண்டை பிடிப்பாள். எல்லாம் வழக்கம்போல இருந்தது. எனக்கு மட்டும் உள்ளே கனமாக இருந்தது.

இரண்டு கிழமைக்கு முன்னால், நிவேதாவின் ஸ்கூல் ட்ரிப்புக்காக அந்தப் பழைய சூட்கேசை எடுக்கக் கதிரையில் ஏறினேன். சூட்கேஸ் இருந்தது. பின்னால் பெட்டியைக் காணவில்லை.

குப்பையில் போட்டுவிட்டாளா? யாருக்காவது கொடுத்துவிட்டாளா? நிவேதாவிடம் கேட்டேன்.

"அம்மாக்கிட்ட கேளுங்கப்பா."

"கேக்க மாட்டேன்."

"ஏன்?"

"கேக்க மாட்டேன்னா கேக்க மாட்டேன்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று மேனகா வந்தபோது நாக்கு நுனி வரை வந்ததை நான்கு தடவையாவது விழுங்கியிருப்பேன். அவள் பாட்டுக்குத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை துணி தோய்த்தேன். இப்போதெல்லாம் அதுவும் என் பொறுப்புத்தான். ஒபிஸுக்குக் கட்டும் பருத்திச் சேலைகளை மெஷினில் போடக் கூடாது என்பது மெனேஜரின் உத்தரவு. பின்பக்கத்துத் தொட்டியில் ஒவ்வொன்றாக உதறி நனைத்துக்கொண்டிருந்தேன்.

சாம்பல் நிறச் சேலை ஒன்று. வெள்ளிக்கிழமை கம்பளைக்குக் கட்டிக்கொண்டு போனது. அதன் முந்தானையில் பெருவிரல் அளவுக்கு நீலக் கறை. பக்கத்தில் கொஞ்சம் மஞ்சள். பிரஷ்ஷைத் துடைத்த தடம்.

எங்கே வைத்து வரைந்தாள்? ஒபிஸ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டா, பஸ் ஸ்டாண்ட் பெஞ்சிலா? என்ன வரைந்தாள்? எத்தனை படம்? எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. இதை வாசித்துவிட்டு நீங்களும் கேட்டுவிடாதீர்கள்.

வாட்டர்கலர்தானே, கொஞ்சம் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் போய்விடும்... நான் தேய்க்கவில்லை.