ருத்திராட்சம் போட்ட பந்து

பிள்ளையார்பாளையத்தில் தண்ணீர் கேட்டு ஒரு தறி வீட்டுக்குள் நுழைகிறேன். நெசவாளரின் தங்கை அமெரிக்காவிலிருந்து வீடியோவில் கத்துகிறாள். தன் மகளின் கால்பந்து இறுதியாட்டத்தில் தூக்கிப் பிடிக்க, பந்து உருவம் நெய்த பட்டுத்துண்டு நாளையே கூரியரில் கிளம்பியாக வேண்டும். அவர் தறியில் நெய்திருப்பதைப் போனில் காட்டுகிறார்.

“அண்ணா, இது நீ எப்பவும் புடவைக் கரையில போடற ருத்திராட்சம்! பந்து எங்க?”

“உருண்டையாத்தானேம்மா இருக்குது? அங்க யாருக்குத் தெரியப் போவுது?”

“இப்ப இங்க ஊரே பந்து பின்னாடி பைத்தியமா சுத்திக்கினு இருக்குது!”

“பந்து எப்படிப்பா இருக்கும்?” என்று அவர் என்மேல் எரிந்து விழுகிறார்.

“நான் கந்தல்துணிப் பந்துதான் உதைச்சிருக்கேன்” என்கிறேன்.

தங்கை படம் அனுப்புகிறாள். கறுப்பில் ஐந்து மூலை, வெள்ளையில் ஆறு மூலை. அவர் தலையில் அடித்துக்கொண்டு, நெய்ததை இழை இழையாகப் பிரிக்கிறார்.

“சாமி கழுத்துல இருக்கிறத எடுத்துட்டு, உதை வாங்குறதப் போடறேன். உம் பொண்ணு தோத்துட்டு மட்டும் போன் பண்ண வேணாம்!”