பன்னிரண்டை இருபத்துநாலாக்கும் பெட்டி

என் அத்தான் செல்வரட்ணத்துக்கு இப்போது ஏச்சும் உறைக்காது, புகழ்ச்சியும் உறைக்காது. அக்கா போனதிலிருந்து மனுசன் அப்படித்தான். சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். உரும்பிராயில் அவருடைய திருத்துகிற கடை மட்டும் காலை எட்டு மணிக்குத் தவறாமல் திறக்கும். றேடியோவில் தொடங்கியவர், இன்றைக்குச் சோலார் சாமான் வரைக்கும் எதைக் கொண்டுபோனாலும் திருத்துவார். கதைக்கத்தான் மாட்டார்.

அக்கா பவளராணிக்கு நுரையீரல் பழுது. மூச்சு மெசின் இல்லாமல் ஒரு மணித்தியாலம் தாங்கமாட்டாள். கரண்ட் நின்றால் என்ன செய்வதென்று அத்தானே ஒரு பெட்டி கட்டினார். கார் பற்றறியின் பன்னிரண்டு வோல்ற்றை மெசினுக்கு வேண்டிய இருபத்துநாலாக ஏற்றிக் கொடுக்கும் பெட்டி. கடையில் பத்துத் தடவை போட்டுப் பார்த்தார். பத்துத் தடவையும் வேலை செய்தது.

போன ஆவணியில் ஒரு மத்தியானம் கரண்ட் நின்றது. அத்தான் கடையில், வீட்டில் நான்தான். பெட்டியைப் பற்றறியில் கொழுவினேன். டிக், டிக், டிக் என்றதே தவிர மெசின் ஓடவில்லை. கழற்றிக் கழற்றிக் கொழுவினேன். பிறகு அக்காவை என் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கோண்டாவில் தாண்டுமுன் மூச்சு நின்றுவிட்டது.

அதிலிருந்து அத்தானுக்கு ஒரே கேள்வி: பெட்டி ஏன் தொடங்கவில்லை? தினமும் காலையில் அதை மேசையில் வைத்து, அக்காவின் மெசினோடு பூட்டிப் போடுவார். கோதாரி விழுந்தது, உடனே ஓடும். நிற்பாட்டுவார். வேறு வேலைக்குப் போவார். எனக்கு விசர் வரும்.

"ஏன் அத்தான் உதை இன்னும் வைச்சுக்கொண்டிருக்கிறியள்? கிணத்துக்கை எறியுங்கோவன்!"

"ஓம்" என்பார். அடுத்த நாளும் போடுவார். பதினொரு மாதம். செத்த வீட்டில்கூட அவர் அழவில்லை. வாய்விட்டு ஒரு தடவை அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது.

போன கிழமை காங்கேசன்துறைச் சிமியோன் வந்தான். கடற்தொழில்காரன். படகில் இருக்கும் வயர்லெஸ்ஸுக்கு அத்தான் அதே மாதிரி ஒரு பெட்டி கட்டிக் கொடுத்திருந்தார். கடையில் வேலை செய்யும், படகில் செய்யாது. மூன்றாம் முறையாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணலெண்டாளாம். இந்த முறையும் என்ரை படகிலை பிழை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ அண்ணை."

அத்தான் நிமிரவில்லை. "படகிலை என்ன செய்யுது?"

"என்ன செய்யுது? டிக், டிக் எண்டு அடிச்சுக்கொண்டே கிடக்குது."

அத்தான் எழுந்து கடையைப் பூட்டினார். "சுதா, ஓட்டோவை எடு" என்றார் என்னிடம்.

காங்கேசன்துறையில் படகில் ஏறியதும், "நீ வழமையாச் செய்யிற மாதிரிச் செய்" என்றார் சிமியோனிடம். அவன் பெட்டியை வயர்லெஸ்ஸோடு பூட்டினான். வயர்லெஸ் சுவிச் போட்டபடியே கிடந்தது. கிளிப்பை எடுத்துப் பற்றறியில் கவ்வ விட்டான். டிக், டிக், டிக். அத்தான் மீற்றரை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு வோல்ற் எட்டுக்கு விழுந்தது, ஏறியது, திரும்ப விழுந்தது.

"கிளிப்பைக் கழட்டு. சுவிச்சை நிப்பாட்டு. இப்ப கிளிப்பைக் கொழுவு. மூண்டு எண்ணிப்போட்டுச் சுவிச்சைப் போடு."

வயர்லெஸ் இரைந்தது.

"அட! உவ்வளவுதானோ?" என்றான் சிமியோன்.

"தொடங்கேக்கை பெட்டி கனக்கக் கரண்ட் இழுக்கும். அந்த நேரம் தலையிலை மூட்டையையும் வைச்சு எழும்பெண்டா, பற்றறி படுத்திடும். பற்றறி செத்துப்போச்செண்டு நினைச்சுப் பெட்டி தானே நிண்டுபோகும். பிறகும் எழும்பப் பாக்கும். அதுதான் உந்தச் சத்தம்."

"நாங்கள் எப்பவும் உப்பிடித்தானே அண்ணை கொழுவிறது."

உண்மைதான். சண்டை நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்த ஆட்கள் நாங்கள். சுவிச் பழுதானால் மாற்ற வேறு சுவிச் கிடையாது. சுவிச்சைப் போட்டபடி விட்டுவிட்டுப் பற்றறியில் கிளிப்பைத் தொட்டுத்தான் பாட்டுக் கேட்டோம், லைற் போட்டோம். கை இன்றைக்கும் அப்படியேதான் போகும். அத்தான் தொழில் பழகியவர். அவர் மேசையில் எப்போதும் சுவிச்தான் கடைசி.

கரண்ட் நின்றபோது அக்காவின் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சுவிச்சை நான் தொடவேயில்லை. கிளிப்பைத்தான் கொழுவினேன். கழற்றிக் கழற்றி அந்தப் பிழையையே செய்தேன். அத்தான் என்னைப் பார்க்கவில்லை. மீற்றர் வயரைச் சுற்றி, பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டார்.

தெல்லிப்பழை வரை ஓட்டினேன். பிறகு முடியவில்லை. ஓட்டோவை ஓரமாக நிற்பாட்டினேன்.

"அத்தான், அண்டைக்குச் சுவிச் போட்டபடி…"

"விளங்கினது."

"நான்தான் அத்தான் அக்காவை…"

"கட்டினது நான்" என்றார். "ஆர் எப்பிடிக் கொழுவினாலும் எழும்பிற மாதிரிக் கட்டியிருக்கவேணும். கொஞ்சம் கொஞ்சமா ஏறவிட இன்னும் இரண்டு சாமான் போட்டாப் போதும். நான் போடேல்லை."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. விலை கேட்டவனுக்குச் சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

"ஏசுங்கோ அத்தான்! ஒரு அடியெண்டாலும் அடியுங்கோ!" என்று நடுத்தெருவில் கத்தினேன். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று பார்த்தார்.

அத்தான் மடியில் சிமியோனின் பெட்டியைப் பிடித்தபடி இருந்தார்.

"ஓட்டோவை எடு சுதா. இண்டைக்கே இதிலை அந்த இரண்டு சாமானையும் போட்டுக் குடுக்கவேணும். அவன் நாளைக்குக் கடலுக்குப் போறவன். நாங்கள் எவ்வளவு சொன்னாலும் கிளிப்பைத்தான் கொழுவுவான்."