ஊசிப்போன சாம்பார்

அறுவடைக் கூலித் தகராறு வெட்டுக்குத்தில் போய் முடிந்திருந்த சமயம். திருவாரூரில் கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஓட்டலில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒல்லியான, தலை நரைத்த ஒருவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். மிராசுதார்மேல் சாட்சி சொல்ல வந்த கூலியாள் அவர் என்று பக்கத்து மேசையில் பேச்சு. பேசிய இருவரும் மிராசுதாரின் ஆட்கள்.

அவர் எதையும் முகர்ந்து பார்த்துத்தான் வாயில் வைத்தார். பரிமாறிய முதலாளியைக் கூப்பிட்டார்.

"சாம்பார் ஊசிப்போச்சுங்க. மாத்துங்க."

அந்த ஆட்களில் ஒருவன் சிரித்தான். "கஞ்சி குடிக்கிறவனுக்கு வக்கணையைப் பாரு!"

அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "காசு குடுத்துத்தானே சாப்பிடுறேன்? ஊசினதை ஊசினதுன்னுதான் சொல்லுவேன். சாரும் இதத்தான் சாப்பிடுறாங்க. சொல்லுங்க சார்."

அந்த இருவரும் என்னையே பார்த்தார்கள். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

முதலாளி சாம்பார் வாளியை முகர்ந்துவிட்டு உள்ளே கொண்டுபோனார். சாட்சி சொல்ல வந்தவர் சட்னியோடு சாப்பிட்டு முடித்து, கை கழுவி, கோர்ட்டுக்கு நடந்தார். இருவரும் எழுந்து பின்னாலேயே போனார்கள்.

கூண்டில் நின்று வெட்டியவர்களின் பெயரை ஒவ்வொன்றாக அவர் சொன்னதாக மாலையில் கோர்ட்டு குமாஸ்தா சொன்னார். எனக்கு "ஆமாம்" என்ற ஒரு வார்த்தை வரவில்லையே என்பது இன்றும் உறுத்துகிறது.