பூஜைக்கு வைத்த டிரம்

சிவராமலிங்கத்தின் வெந்த கையைப் பார்த்துச் சிரித்தவர்கள் சங்கரன்கோவிலில் இன்னமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடமாடுகிறார்கள். அவர்களோடு ஒரே கடையில் காப்பி குடிக்கக்கூட எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அவர் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவர். ஐம்பத்திரண்டாம் வருஷம் ஆவுடையப்பனின் சாயப்பட்டறைக்கு மேற்பார்வை பார்க்க வந்தார். நான் அங்கே நூல் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். நூலுக்கு நீலம் ஏற்ற ஹைட்ரோஸ் என்று ஒரு வெள்ளைப் பொடி தகர டிரம்மில் வரும். ஈரம் பட்டால் தானாகவே சூடாகிற பொடி. அதில் கொஞ்சம் கிண்ணத்தில் போட்டு, சொட்டுத் தண்ணீர் விட்டு, தெர்மாமீட்டரைச் செருகிவிட்டுக் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பார். சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுவார்.

"பத்து டிகிரி கூடினா வேகம் ரெண்டு மடங்கு ஆகும். வேகம் கூடினா சூடு இன்னும் கூடும். வெளியே போற சூட்டைவிட உள்ளே பிறக்கிற சூடு மிஞ்சிட்டா, அப்புறம் யாராலயும் நிறுத்த முடியாது" என்பார். பட்டறையில் அவருக்குச் சூட்டு வாத்தியார் என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள்.

அந்த வருஷம் ஆயுதபூஜைக்குத் தராசு, தொட்டி, கைவண்டி எல்லாவற்றுக்கும் மஞ்சள் நீர் தெளித்தார்கள். முதலாளிக்கு அது போதவில்லை. சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் இருந்த ஹைட்ரோஸ் டிரம்மைத் திறந்து, உள்ளே ஒரு செம்பு மஞ்சள் நீரைக் கவிழ்த்து, மூடிச் சந்தனம் குங்குமம் வைத்தார். பிழைப்புக் கொடுக்கிற சரக்காம், உள்ளேயும் குளிர வேண்டுமாம்!

மத்தியானம் வந்த சிவராமலிங்கம் டிரம்மைத் தொட்டார்; வெதுவெதுவென்று இருந்தது. முகம் வெளுத்துப்போனார். கிட்டங்கிச் சுவரை ஒட்டிய அறையில் காவல்காரன் நல்லக்கண்ணுவின் மனைவி முத்துமாரியம்மாள் பச்சைப்பிள்ளையோடு படுத்திருந்தாள்.

"அண்ணாச்சி, இதை உடனே வெளியே எடுக்கணும். தீப்பிடிச்சா இந்தப் புகையில அந்தப் பிள்ளை மூச்சு முட்டிச் செத்துரும்."

"பூஜைக்கு வச்சதை நாளைக்கு மறுபூஜை ஆகாம அசைக்கப்பிடாது வே."

"அப்ப முத்துமாரியையாவது பிள்ளையோட வெளியே அனுப்புங்க."

"பிள்ளை பெத்த தீட்டோட, பூஜை நடக்குத முற்றத்து வழியாவா? நல்லாருக்கு நீரு சொல்லுதது!"

ஆவுடையப்பன் அதோடு விடவில்லை. வேறொரு டப்பாவிலிருந்து ஒரு கரண்டி பொடியைக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் விட்டார். லேசாகச் சுட்டது, ஆறியது. "பாரும், ஆறிட்டு. இதுக்கா இந்தப் பயங்காட்டுதீரு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளையின் தகப்பன் நல்லக்கண்ணுவும் பல்லைக் காட்டினான்.

"கிண்ணத்துச் சூடு ஓரத்து வழியா ஓடிரும் அண்ணாச்சி. அவ்வளவு பெரிய டிரம்முல நடுவுல பிறக்கிற சூடு எங்கன போகும்?" என்று அவர் கெஞ்சினார். கேட்க யார் இருந்தார்கள்? பொரிகடலை வாங்க முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி தொட்டபோது டிரம் கை பொறுக்காத சூடு. அவர் சாக்கைச் சுற்றி அதை இழுத்தார். நான் பின்கதவைத் திறந்துவிட்டுத் தள்ளினேன். வெளிப் பொட்டலுக்குப் போய்ச் சேர்வதற்குள் மூடி பிய்த்துக்கொண்டு தெறித்தது. தீ அவர் வலது கையை நக்கிவிட்டது. கந்தகப் புகை கண்ணைப் பிடுங்கியது. எவனோ குடத்தோடு ஓடிவந்தான். "தண்ணி ஊத்தாதே!" என்று அலறி, குடத்தை உதைத்துத் தள்ளினார். காற்று புகையைக் காட்டுப்பக்கம் கொண்டுபோனது. டிரம் எரிந்து தீர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது.

"சாமிக்கு வச்சதைத் தொட்டான், எரிஞ்சுட்டு" என்று ஆவுடையப்பன் ஊர் முழுக்கச் சொன்னார். ஊரும் நம்பித் தொலைத்தது. செம்புத் தண்ணீரைப் பற்றி ஒருத்தன் வாய் திறக்கவில்லை. மறுநாள் மறுபூஜைக்கு முன்பே சிவராமலிங்கத்தை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

கையில் கட்டோடு பெட்டியை எடுக்க வந்தவர், அறை வாசலில் பிள்ளையோடு நின்ற முத்துமாரியம்மாளைப் பார்த்ததும் நின்றார்.

"பிள்ளை நல்லாருக்கா தாயி?"

அவள் சட்டென்று பிள்ளையை முந்தானைக்குள் மறைத்தாள். "சாமி குத்தம் பட்ட கண்ணு, எம் பிள்ளை மேல படப்பிடாது" என்று அவர் காலடியில் மூன்று முறை துப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.