வளைகாப்புக்குப் பாட்டு

சட்டக் கல்லூரி நான்காம் ஆண்டில், காப்பிரைட் கொள்கை பார்க்கும் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்குப் பயிற்சி இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு அந்த அலுவலகம் என்ன செய்கிறது என்று தெரியாது. ஆனால் அவர் ஆட்டோவில் ஏறிய எல்லோருக்கும், என் மகள் அங்கேதான் சட்டம் எழுதுகிறாள் என்று தெரியும்.

உண்மையில் நான் எழுதியது குறிப்புகள்தான். கல்யாணத்திலும் அதைச் சார்ந்த விழாக்களிலும் சினிமாப் பாட்டு போட உரிமம் வேண்டாம் என்கிறது சட்டம். எதெல்லாம் சார்ந்த விழா? அதைப் பற்றித்தான் குறிப்பு. வரவேற்பு சேரும் என்று எழுதினேன். வளைகாப்புக்கு நேராக ‘ஐயத்துக்குரியது’ என்று எழுதி, அதிகாரியிடம் நல்ல பெயரும் வாங்கினேன்.

அந்த வாரக் கடைசியில் அக்காவுக்கு வளைகாப்பு. மயிலாப்பூரில் ஒரு மாடி ஹால். முதல் பாட்டு பாதி ஓடும்போதே மேனேஜர் வந்து நிறுத்தினார்.

"லைசென்ஸ் இல்லாம சினிமாப் பாட்டு கூடாதுங்க. நோட்டீஸ் எனக்குத்தான் வரும்."

அப்பா பெருமையாக என்னை முன்னால் தள்ளினார். "எம் பொண்ணு கவர்மென்ட்ல சட்டம் எழுதுது. அதுகிட்ட பேசு சார்."

மொத்தச் சொந்தமும் என்னைப் பார்த்தது. கல்யாணம் சார்ந்த விழாவுக்கு விலக்கு உண்டு என்று சட்டத்தை எடுத்துச் சொன்னேன்.

"கல்யாணம்தான் எப்பவோ முடிஞ்சிடுச்சே?" என்றார் மேனேஜர்.

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் அத்தை எழுந்தார். "இன்னாய்யா பேசுற? கல்யாணம் ஆவாமயா இவ புள்ளத்தாச்சியா குந்திகினு கீறா?"

ஹாலே சிரித்தது. அன்று அதைவிட நல்ல வாதம் யாரும் வைக்கவில்லை. மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க மேடம். வளைகாப்பு அதுல சேருமா?"

"அது... பரிசீலனையில் இருக்கு."

அப்பா முகம் தொங்கிவிட்டது.

"நாங்களே பாடுனா?" என்றார் அத்தை.

"பழைய நலங்குப் பாட்டுன்னா யாரும் லைசென்ஸ் கேக்க முடியாது அத்தே."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

அத்தை மைக்கைப் பிடுங்கினார். மைக்கே தேவைப்படாத குரல் அது. இரண்டாவது பாட்டில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூன்றாவதை ஆரம்பித்தபோது மேனேஜர் படியேறி ஓடி வந்தார். கீழ்ஹாலில் நிச்சயதார்த்தமாம். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போகப் பார்க்கிறார்களாம்.

"தாயே, சினிமாப் பாட்டையே போட்டுடுங்க!"

"லைசென்ஸு?"

"கல்யாணம் ஆனாத்தானே வளைகாப்பு? எல்லாம் சேரும்."

பாட்டு மறுபடி ஓடியது. "பாத்தியா, எம் பொண்ணு பேசி ஜெயிச்சிடுச்சு!" என்று அப்பா ஒவ்வொரு நாற்காலியாகப் போய்ச் சொன்னார். தொண்டை கட்டிய அத்தை என்னை முறைத்தார். நான் வளையல் தட்டைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டேன்.